கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, பிள்ளை காலை நீட்டிக்கிடட்டும். எனக்கு இடம் போதும். இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும். உள்ள ஈரத்துணி இருக்கு, உன் சேலையில பட்டுரப் போவுது.

ஆம்பளப் பிள்ளையா? எத்தனை மாசம்? அஞ்சா. சரி. இந்தச் சிவப்புச் சட்டையும் பஞ்சு வச்ச தொப்பியும் யாரு எடுத்தது, உன் மாமியாரா? நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. சாத்தான்குளத்து வெக்கையில, பனி பெய்யித ஊருக்காரன் உடுப்பைப் போட்டுப் பச்சப்பிள்ளைய வேக வச்சிருக்கியே, அதைத்தான் கேட்டேன். கழுத்தைப் பாரு, வேர்க்குரு. தொப்பியக் கழட்டு. பண்டிகை முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு. இந்த பஸ்ஸுல உன் பிள்ளை தொப்பியப் பாக்க யாரும் வரல.

கோவிச்சுக்கிடாத. முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ, வாய் சும்மா இருக்காது. சுகிர்தம் டீச்சர்னு எங்க பக்கத்துல கேட்டுப் பாரு, நல்லா சொல்லுவாவ. நல்லா சொல்லாதவளும் நாலு பேரு இருப்பா. அவளுக எல்லாம் கணக்குல பெயிலானவளுக.

உன் கழுத்துல சிலுவை கிடக்கே, நீ வேதக்காரப் பிள்ளைதான? அப்போ உனக்குச் சொன்னாப் புரியும். எங்க தெருவுல இருபத்திரெண்டு வீடு. அதுல இருபத்தோரு வீட்டுல நட்சத்திரம் தொங்குது. தொங்காத ஒரு வீடு எந்த வீடுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. எதித்த வீட்டு ஜாஸ்மினுக்கு மாப்பிள்ளை மஸ்கட்டுல. அவ மொட்டை மாடியில ஒரு நட்சத்திரம் ஏத்தியிருக்கா பாரு, என் சுவரெல்லாம் பச்சையும் செவப்புமா மாறி மாறி அடிக்கி. பாலன் இயேசுவைத் தேடி நட்சத்திரத்தைப் பாத்துக் கிழக்க இருந்து வந்த சாஸ்திரிமாரே அதைப் பாத்திருந்தா, கண்ணு கூசி வந்த வழியே ஒட்டகத்தைத் திருப்பியிருப்பாவ.

பலகாரம் இருக்கே, அது அதுக்கும் மேல. நீ எனக்கு ஒரு தட்டு அச்சுமுறுக்கு, நான் உனக்கு ஒரு தட்டு அச்சுமுறுக்கு. ஒரே அரிசி, ஒரே எண்ணெய், தட்டை மூடுத துணி மட்டும் வேற வேற. ஒரு தட்டு நாலு வீடு சுத்தி, சுட்டவ வீட்டுக்கே திரும்பி வந்துச்சு இந்த வருஷம். அவளும் வாங்கி வச்சுக்கிட்டு, "இவ வீட்டு முறுக்குல இனிப்பே இல்ல"ன்னா. நான் கண்ணால பாத்தேன்.

நான் இதுல எதுலயும் சேரது இல்ல. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்துன்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? எங்க வீட்டுக்காரர் என் மகளுக்கு நாலு வயசா இருக்கும்போது தவறிட்டாவ. அன்னைக்குக் கட்ட ஆரம்பிச்சது வெள்ளைப் புடவை. ஒரு வருஷம் கழிச்சு எல்லாரும் கலரு கட்டச் சொன்னாவ. என்னத்துக்குக் கட்டணும்? முப்பது வருஷமா பண்டிகைக்குன்னு ஒரு புதுத்துணி எடுத்ததில்ல. அதுக்காக ஏனோதானோன்னு கட்டிக்கிட்டும் போகமாட்டேன். நல்லா கட்டியா கஞ்சி போட்டு, ரெண்டு சொட்டு நீலம் விட்டு, இஸ்திரி போட்டு வச்சிருப்பேன். கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் பட்டுச் சரசரக்க வாரவளுக நடுவுல நான் நடந்து போயி முன்வரிசையில உக்காந்தா, கோயிலே திரும்பிப் பாக்கும். பாக்கணும். பாத்தாத்தான் புத்தி வரும். போன வருஷம் ஐயரம்மாவே, அதான் எங்க போதகரோட சம்சாரம், "டீச்சர், புடவை புதுசா"ன்னு கேட்டாவ. பதினாலு வருஷத்துப் புடவை அது. கஞ்சி அப்படி.

உங்க சபையில கிறிஸ்மஸ் மரம் வைப்பாவளா? கலர் காகிதம் ஒட்டுத மரம் இல்ல, பரிசு குடுக்கித மரம். எங்க ஊருல இருபத்தஞ்சாம் தேதி சாயங்காலம் நடக்கும். கோயில் வளாகத்துல ஒரு சவுக்குக் கொம்பை நட்டு, அதுக்கு அடியில பரிசைக் குமிச்சு வைப்பாவ. போதகருக்கு அடுத்தபடியா இருக்க உபதேசியார் மைக்குல ஒவ்வொரு பேரா வாசிப்பாரு. வாலிபர் சங்கத்துப் பய ஒருத்தன் செவப்பு அங்கியும் ரப்பர் முகமூடியும் மாட்டிக்கிட்டு, கிறிஸ்மஸ் தாத்தான்னு ஆடிக்கிட்டே எடுத்துக் குடுப்பான். இதுல கூத்து என்னன்னு கேளு. அந்தப் பரிசு எல்லாம் அவளவ வீட்டுல இருந்து, அவளவ பிள்ளைக்கு, அவளவளே கட்டிக் கொண்டு வாரது. காலையில தாய் கொண்டு வந்து வச்ச பெட்டிய, சாயங்காலம் மகன் மேடையேறி வாங்கிட்டு வாரான், தாய் கைதட்டுதா. இதுக்கு எதுக்கு தாத்தா, இதுக்கு எதுக்கு மைக்கு? எல்லாம் எவன் பெட்டி பெருசுன்னு ஊரு பாக்கதுக்குத்தான்.

என் மக பேரு ஹெப்சி. அவ பேரு அந்த மரத்துல ஒரு வருஷம்கூட வாசிக்கப்படல. நான் வைக்கல. முன்வரிசையில என் பக்கத்துல உக்கார வச்சிருப்பேன். கடைசிப் பரிசு போற வரைக்கும் கண்ணை எடுக்காம மரத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. எட்டு வயசுல ஒரு காரியம் பண்ணினா. தன்னோட பழைய பென்சில் டப்பாவ எடுத்து, நாள்காட்டித் தாள்ல சுத்தி, "ஹெப்சி, மூணாம் வகுப்பு"ன்னு தானே எழுதி, யாருக்கும் தெரியாம அந்தக் குமியல்ல வச்சிருக்கா. கையெழுத்தைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பேரு வாசிக்கதுக்கு முந்தியே எழுந்திருச்சுப் போயி எடுத்துட்டு வந்துட்டேன். அவ கையிலயே குடுத்து, "இது உன்கிட்ட ஏற்கெனவே இருக்குல்லா, பின்ன எதுக்கு"ன்னு கேட்டேன். வாங்கிக்கிட்டா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாத்துக்கோ. வீடு வந்து சேருத வரைக்கும் டப்பாவ நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு வந்தா, அவ்வளவுதான். அப்படி வளத்தேன்.

அப்படி வளத்த பிள்ளைதான் இப்போ பூனாவுல இருக்கா. மாப்பிள்ளை கம்பெனியில பெரிய வேலை. கல்யாணமாகி ஏழு வருஷமா, டிசம்பர் பொறந்தா எனக்கு ஒரு பார்சல் வந்துரும். பளபளன்னு தாளு, ரிப்பனு. நான் ஒரு தடவைகூடப் பிரிச்சதில்ல. அப்படியே கொண்டு போயி உபதேசியார்கிட்ட குடுத்து, "ஏழையா பாத்து யாருக்காவது குடுங்க. சுகிர்தம் டீச்சர் தனக்கு வந்த பரிசைத் திறந்துகூடப் பாக்காம குடுத்துட்டாங்கன்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லிருங்க"ன்னு சொல்லிருவேன். எனக்குப் பேரு வரணும்னு இல்ல. மத்தவளுக்கு ஒரு பாடம். ஜாஸ்மின் தலையக் குனிஞ்சுக்கிடுவா. அது போதும் எனக்கு.

ஹெப்சி போன்ல கேப்பா, "அம்மா, பார்சல் வந்துச்சா?"

"வந்துச்சு."

"பிரிச்சுப் பாத்தியா?"

"ஆண்டவருக்குக் குடுத்துட்டேன்."

பெறகு, "சரிம்மா, வச்சிருதேன்"னுவா. வாயாடுத பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவளுக்குப் பிள்ளை இல்ல. ரெண்டு தடவை உண்டாகிக் கலைஞ்சுபோச்சு. மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு நா போன்ல அழுதா. நான் என்ன சொல்லுவேன்? "இருக்கதைக் கொண்டு திருப்தியா இருக்கணும். கிடைக்காததுக்கு அழுதா, அதுவும் ஒரு பேராசைதான்"னு சொன்னேன். தப்பா? ஊருக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணா சொல்ல முடியும்? அதுக்குப் பெறகு போன் குறைஞ்சுபோச்சு. பார்சல் மட்டும் வரும்.

இந்த வருஷம் அதுவும் வரல.

நான் அதை எதிர்பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்னு நினைக்காத. ஆனா தபால்காரன்கிட்ட நாலு தடவை கேட்டேன். கூரியர் ஆபீசுக்கு நடந்தே போயிக் கேட்டேன். ஏன் கேக்க மாட்டேன்? பார்சல் வரலன்னா மரத்துக்கு நான் எதைக் குடுக்கது? மத்தவளுக என்ன நினைப்பாளுக? இருபத்தி நாலாம் தேதி வரைக்கும் பாத்தேன். பெத்தவ நினைப்பு அத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

இருபத்தஞ்சு சாயங்காலம் எப்பவும்போல முன்வரிசையில உக்காந்திருக்கேன். அன்னைக்குத் தாத்தா சரியான குட்டை. அங்கி தரையில புரளுது. ஆட்டமும் இல்ல, பாட்டும் இல்ல, ஆடி அசைஞ்சு நடக்கான். வயித்துக்குத் தலையணை மட்டும் நல்லா கட்டியிருக்கான். வாலிபர் சங்கத்துல ஆளுக்குப் பஞ்சம்போலன்னு நினைச்சேன். பிள்ளையளுக்கு எல்லாம் குடுத்து முடிஞ்சு, மரத்துக்கு அடியில ஒரே ஒரு பெட்டி மிச்சம். உபதேசியார் மைக்குல வாசிக்காரு, "சுகிர்தம் டீச்சர்."

எனக்குப் புரியல. பெறகு அவரே சொன்னாரு, "டீச்சரோட மகள் ஹெப்சி கொடுத்தது. டீச்சர் மேடைக்கு வந்து, இங்கயே பிரிச்சுப் பாக்கும்படி கேட்டுக்கிடுதோம்." கூட்டம் பூரா கைதட்டுது. ஜாஸ்மின் எல்லாரையும்விட பலமா தட்டுதா.

நான் யாரு? இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால மகளுக்கு வைக்காத பரிசை, இன்னைக்கு நான் மேடையில வாங்கிப் பல்லைக் காட்டுவேனா? போனேன். பெட்டிய வாங்கினேன். மைக்கையும் வாங்கினேன். "கர்த்தர் எனக்குப் போதுமானதைத் தந்திருக்காரு. என் மகளுக்குப் பெத்தவளை வந்து பாக்க நேரமில்ல, பெட்டி அனுப்ப மட்டும் நேரம் இருக்கு. வராத மக அனுப்பின பெட்டி எனக்கு எதுக்கு?"ன்னு சொல்லி, கோயில் பெருக்குத தவமணிய மேடைக்குக் கூப்பிட்டேன்.

தவமணி பக்கம் திரும்பினா, இந்தத் தாத்தா குறுக்க வந்து நிக்கான். தலைய இப்படி இப்படி ஆட்டுதான். பெட்டியத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டுதான். உறை மாட்டின கையால என் மணிக்கட்டைப் பிடிச்சவன் விடல. எனக்கு வந்துச்சு கோவம். "விடுல. தலையணையக் கட்டிக்கிட்டு ஆடினா நீ பெரிய ஆளா"ன்னு, வயித்துல ரெண்டு விரலை வச்சுத் தள்ளினேன். மைக்கு என் கையிலதான் இருந்துச்சு, கூட்டத்துக்கே கேட்டுருச்சு. பிள்ளையள் எல்லாம் சிரிச்சுது.

தலையணை கெட்டியா இருந்துச்சு. பஞ்சை நல்லா திணிச்சிருக்கான்னு நினைச்சேன்.

கையை விட்டுட்டான். மேடையில இருந்து பக்கவாட்டுல மெதுவா இறங்கிப் போனான். நான் தவமணிகிட்ட பெட்டியக் குடுத்துட்டு வந்து உக்காந்தேன். அன்னைக்கு என் பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு ரெண்டு பேரு வந்து சொன்னாவ.

மறுநா காலையில தவமணி வாசல்ல வந்து நிக்கா, பெட்டியும் கையுமா. "டீச்சரம்மா, பெட்டிக்குள்ள ஒண்ணுமில்ல. ஒரு கடுதாசிதான் இருக்கு. என் பேத்தி வாசிச்சா, இது உங்களுக்குத்தான் எழுதியிருக்கு"ன்னா. உனக்கு உள்ளதைச் சொல்லுதேன், எனக்கு முதல்ல வந்தது கோவம்தான். சபை முன்னால ஒரு ஏழைக்கு வெறும் பெட்டியக் குடுக்க வச்சுட்டாளேன்னு.

கடுதாசிய வாங்கி வாசிச்சேன். மூணே வரி. "அம்மா, இந்த வருஷம் உனக்கு எதுவும் வாங்கல. ஏழாம் மாசம் நடக்குது, தொட்டில் கட்ட உன் பழைய வெள்ளைப் புடவை ஒண்ணை இந்தப் பெட்டியில வச்சுக் குடு, தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கே வந்துருதேன். இப்போ தாத்தாவோட முகமூடியக் கழட்டிப் பாரு."

மூலைக்கரைப்பட்டியா இது? இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.

அவ போட்ட அந்தத் தாத்தா வேஷத்தை நீயே சொல்லு. நேரா வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் உண்டாகியிருக்கேன்"னு சொல்ல வேண்டியதுதான? உபதேசியார் அவகூட ஞாயிறு பள்ளியில படிச்சவரு. ரெண்டு பேரும் சேந்து போட்ட திட்டமாம். கிட்ட நின்னு அம்மா முகத்தைப் பாக்கணும், பிரிச்சு வாசிக்கும்போது எப்படி இருக்குன்னு பாக்கணும்னு சொன்னாளாம். ஏழு வருஷம் அனுப்பினதைப் பிரிக்காதவ, எட்டாவது வருஷம் பிரிப்பான்னு எந்த நம்பிக்கையில வந்தா? கணக்கு டீச்சர் மகளுக்கு இந்தக் கணக்கு தெரியாமப் போச்சு.

தவமணி பாத்திருக்கா. கோயிலுக்குப் பின்னால, குழாயடிப் படியில முகமூடியக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருந்தாளாம். முகமெல்லாம் நனைஞ்சிருந்துச்சாம். ரப்பர் முகமூடி, வேத்திருக்கும். தவமணி தண்ணி மோந்து குடுத்திருக்கா. குடிச்சுட்டு, "தவமணியக்கா, அம்மா கை ரொம்ப மெலிஞ்சுபோச்சு, நேரத்துக்குச் சாப்பிடுதாளா?"ன்னு கேட்டாளாம். பெறகு மாப்பிள்ளை காரைக் கொண்டு வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. பாளையங்கோட்டையில அவரோட அம்மா வீடு. அங்கதான் இருக்கா. நாளைக்கு ரயிலு.

போன் பண்ணலாம்தான். எடுத்து எடுத்து வச்சேன். என்னத்தைச் சொல்ல? வா-ன்னு சொல்லவா? வந்தவளைத்தான வராதவ-ன்னு மைக்குல சொன்னேன்.

அதான் புடவைய எடுத்துக்கிட்டு நானே போறேன். தாலி அத்தவ வெள்ளைப் புடவையில தொட்டில் கட்டலாமான்னு ஊருல ஆயிரம் சொல்லுவாவ. அவ கேட்டிருக்கா. என் மக என்கிட்ட வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். என் துணிப்பெட்டியத் திறந்தேன், பதினோரு வெள்ளைப் புடவை. ஒண்ணுகூட ஆகல. எல்லாம் தகரம்போல நிக்குது. மடிச்ச மடிப்புல கை வச்சா அறுத்துரும். இதுல எப்படிப் பச்சப்பிள்ளையப் போடுவா? இருக்கதுல பழசை எடுத்து வெந்நியில முக்கி, கசக்கி, பிழிஞ்சேன். வெள்ளையா வருது கஞ்சி, வந்துக்கிட்டே இருக்கு. காயப் போட்டுத் தொட்டுப் பாத்தா மறுபடியும் சொரசொரன்னுது. மறுபடி முக்கினேன். இன்னைக்கு விடியக்காலமும் ஒரு தடவை. அதுதான் ஈரம்.

நான் ஒண்ணும் அழல. இந்த ஜன்னல் காத்து. கண்டக்டர்கிட்ட கண்ணாடிய இறக்கச் சொல்லு.

ஏம்மா, ஒரு உதவி செய்யுதியா? இந்தா, இந்த முந்தி மட்டும் காஞ்சிருக்கு. என் கைக்கு எதுவும் தெரிய மாட்டேங்கு. சாக்பீஸ் பிடிச்சு, முப்பது வருஷம் கஞ்சித்துணி கட்டிக் காச்சுப்போன உடம்பு. உன் பிள்ளை கன்னத்துல லேசா வச்சுப் பாரு. இன்னும் கொஞ்சம் வை. குத்துதா? முகத்தைச் சுளிக்கானா? நல்லா பாத்துச் சொல்லும்மா. எனக்காகச் சொல்லாத, உள்ளதைச் சொல்லு. பாளையில இறங்கினதும் எங்கயாவது ஒரு குழாய் இருக்கும், இன்னொரு தடவை அலசிக்கிடுதேன்.